ருசி பார்க்கும் மேடம்

மூன்று கிண்ணங்களையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு வினிதா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க எதச் சொல்றீங்களோ, அதத்தாங்க மேடம் நாளைக்கு அடுப்புல ஏத்தப் போறேன்."

மாம்பழ ஜாம். குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையோரமாக ஒரு தகரக் கொட்டகை போட்டு வினிதா ஜாம் காய்ச்சி விற்கிறாள். பழம் அவள் ஊரான நாகரசம்பட்டித் தோப்புகளிலிருந்து வருகிறது. ஆனி பிறந்தால் போதும், கிண்ணமும் கரண்டியுமாக ஓசூருக்கு, தன் பழைய பேராசிரியையைத் தேடி வந்துவிடுவாள்.

ஜெபசீலி கரண்டியை எடுத்தார்.

இரண்டு வருடம் முன்பு வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவருடைய நாக்கையும் மூக்கையும் கையோடு கொண்டு போய்விட்டது. சர்க்கரை, உப்பு, பெருங்காயம் எல்லாம் ஒன்றுதான். மகனிடமும் சொல்லவில்லை, மருமகள் ஜாஸ்லினிடமும் சொல்லவில்லை. குழம்புக்கு உப்பை அளவுக் கரண்டியால் போட்டுச் சமாளித்து வந்தார்.

வினிதாவிடம் எப்படிச் சொல்வது? பல்கலைக்கழகத்து மனையியல் துறையில் ஜெபசீலி என்றாலே நாக்குதான்.

மற்ற துறைக்காரர்கள் அதை 'சமையல்கட்டு டிபார்ட்மென்ட்' என்பார்கள். பிஸ்கட் சுடும் நாளில் மட்டும் அதே ஆட்கள், இயற்பியல் பேராசிரியர் உட்பட, மனையியல் வராந்தாவைச் சுற்றிக்கொண்டுதான் நூலகத்துக்குப் போவார்கள்.

சுவை பார்க்கும் நாளன்று ஜெபசீலி வைத்ததுதான் சட்டம். தலையில் மல்லிகை கூடாது. காபி குடித்துவிட்டு வரக் கூடாது. நிறம் ஏமாற்றிவிடும் என்பதால் அறையில் சிவப்பு பல்பு மட்டும் எரியும். சமைத்தவளுக்கு உள்ளே இடமே இல்லை.

"ஏட்டி வினிதா, வெளிய போ. உன் மூஞ்சியே எல்லாத்தயும் சொல்லிக் குடுத்துரும்!"

வெளியே போனவள் கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பாள். சிவப்பு வெளிச்சத்தில் பெண்களெல்லாம் தியானம் செய்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கேசரி தின்பதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு தாங்காது. அந்தச் சிரிப்பு உள்ளே ஒவ்வொருத்தியையும் தொற்றிக்கொள்ளும். ஒரு முறை ஜெபசீலிக்கே சிரித்துப் புரையேறி, அன்றைய சோதனை மொத்தமும் பாழானது.

இன்று அவர் வினிதாவை வெளியே போகச் சொல்லவில்லை. அந்த முகம்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

முதல் கிண்ணம். நாக்கில் ஏதோ குளிர்ச்சியாக வழுக்கியது. அவ்வளவுதான். வினிதா முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது. வினிதாவின் புருவம் உயர்ந்தது. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

மூன்றாவது. அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

பதம் மூன்றிலும் பிசகாமல் ஒன்றாக இருந்தது. பெண்ணுக்குக் கை தேர்ந்துவிட்டது என்று ஜெபசீலி நினைத்துக்கொண்டார். இனிப்பிலும் புளிப்பிலும்தான் மாற்றி வைத்திருப்பாள்.

ஒரு கணம், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. கொட்டகை நிறையப் பழம் காத்திருக்கிறது. தன் பொய்யால் அத்தனையும் வீணாகிவிட்டால்?

"சொல்லுங்க மேடம்." சின்னப் பிள்ளை கேட்பது மாதிரி இருந்தது.

"ரெண்டாவது" என்றார் ஜெபசீலி. "கடைசில ஒரு சின்னப் புளிப்பு நிக்கி பாரு, அத மட்டும் விட்டுராத."

"அதேதாங்க மேடம்! நானும் அதத்தான் நெனச்சேன்!" வினிதா எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விட அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கியிருக்கிறதாம், வெளிச்சத்திலேயே தாண்டிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

கிண்ணங்களை எடுக்க வந்த ஜாஸ்லின், ஒவ்வொன்றிலும் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

"என்ன அத்தை இது, மூணும் ஒரே ஜாமா இருக்கு?"

"நல்லாப் பாரு."

ஜாஸ்லின் கரண்டியால் எடுத்து மறுபடி தின்று பார்த்தாள். "ஒரே பாட்டில்ல இருந்து ஊத்துனதுதான் அத்தை. ஆனா நல்லாருக்கு. போன வருஷத்து ஜாம் மாதிரி தீஞ்சு போகல."

"தீஞ்சு போச்சா?"

"அடிப்பிடிச்சுப் போச்சே, என்ன பண்ணலாம்னு கேக்கத்தானே அப்ப வந்தாங்க, உள்ள வரும்போதே என்ட்ட சொன்னாங்க. உங்கள்ட்ட அவங்க வாயத் தொறக்குறதுக்குள்ள நீங்க ஒரு வாய் தின்னுட்டு 'பிரமாதம்'னுட்டீங்க. வாசல்ல செருப்பு மாட்டும்போது 'மேடத்துக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா'ன்னு என்ட்ட கேட்டாங்க. கண்ணு கலங்கிருந்துச்சு. என்ட்டயும் வேற ஒண்ணும் சொல்லல."

ஜெபசீலி ஸ்கூட்டர் போன தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணையும் ஒண்ணாக் கொட்டி வெச்சிரட்டுமா அத்தை?"

"வேண்டாம்." நடுக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கரண்டி நிறைய அள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

"ரெண்டாவதுதாம்மா ஒரு படி மேல."