முதல் சோதனை வீட்டில்

வீடுகளிலுள்ள மூச்சு இயந்திரங்களை ஓட்டும் மென்பொருளை யார் வடிவமைத்தாலும், அதை முதலில் தங்கள் வீட்டில்தான் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். செல்வராணி அன்று காலை கணவர் அமலதாஸின் கட்டிலருகே உட்கார்ந்து, தான் வடிவமைத்த மென்பொருள் ஓடும் முதன்மை சர்வரை வேண்டுமென்றே நிறுத்தினாள்.

அவருடைய மூச்சு இயந்திரம் நின்றது. மூச்சுக்குத் தவித்தபடி அவளையே பார்த்தார். மாற்று சர்வர் பொறுப்பேற்றதும்தான் இயந்திரம் மறுபடி ஓடியது.

"தாங்கிட்டேன் ராணி. எல்லா வீட்டுக்கும் அனுப்பிடு."

"நீங்க தாங்கிட்டீங்க. கைக்குழந்தை தாங்காதுங்க."

மென்பொருளின் நிரலை எழுதிக் கொடுத்த ஏஐ 'தாமதம் ஏற்கத்தக்கது' என்றது. அவள் ஏற்கவில்லை. ஒரு சர்வர் விழுந்தபின் இன்னொன்று எழும் அமைப்பைக் கலைத்துவிட்டு, இரண்டும் எப்போதும் சேர்ந்தே ஓடும்படி முழுவதையும் புதிதாக வரைந்தாள். ஏஐ அதைக் கட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது.

மறுபடி நிறுத்திப் பார்க்க வேண்டும். அவள் நிறுத்தாமல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பயப்படாதே, நிறுத்து," என்று சொல்லி அமலதாஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

நிறுத்தினாள். அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது சீராக ஏறி இறங்கியது.

சற்றுப் பொறுத்து அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "என்ன, இன்னும் நிறுத்தலையா?"