நிற்கக் கூடாது

இருபத்துநாலு மணி நேரம் கால் நிற்கக் கூடாது என்பதுதான் விதி. தணிகைவேலுக்குக் கல்லீரல் மாற்றப் பணம் திரட்ட, பல்கலைக்கழக அரங்கில் நேற்று மதியம் அறுபது மாணவர்கள் வட்டமாக ஆடத் தொடங்கினார்கள். இப்போது ஒன்பது பேர்தான் மிச்சம். அவன் வகுப்புத் தோழி மேகலைக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. யாரிடமோ இரவல் வாங்கியவைபோலக் கால்கள் தம்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன.

கடைசி ஒரு மணி நேரத்துக்கென்று அழைத்து வந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்த தணிகையின் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "ம்" என்று மட்டும் சொன்னார். அந்த முகத்தைப் பார்த்ததுமே மேகலைக்கு விளங்கிவிட்டது.

"பாட்ட நிறுத்துங்கடா!" என்று கத்தினாள்.

"நிறுத்தாத தாயி," என்றார் அவர். செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் ஜோடியாக வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "எங்க தெருவுல செத்தவனுக்கு முன்னால கூட்டாளிப் பசங்கதான் ஆடிட்டுப் போவாங்க. எம்புள்ளைக்கு நீங்கதான இருக்கீங்க."

அவர் முதல் அடி வைத்ததும் வட்டம் அவிழ்ந்தது. ஒருவர்பின் ஒருவராக வாசலைப் பார்த்து ஆடினார்கள். பாட்டு அதேதான். வெளியே வெயில் கொளுத்தியது. பல்கலைக்கழக கேட் வந்ததும் அவர் மேகலையின் பக்கம் திரும்பினார்.

"பொம்பளப்புள்ளைங்க இதோட நின்னுக்கணும் தாயி."

"சரிங்கப்பா" என்று அவள் நிற்கத்தான் பார்த்தாள். கால்கள் கேட்கவில்லை.