மரினுஸ் கொடுத்த கொம்பு

“யன்னா, இன்னும் கொஞ்சம் மிதி! ஏன் இப்படிப் பின்தங்குறே?”

கணவன் கிரைன் கத்தியது காற்றில் பாதிதான் கேட்டது. ஸேலாந்துக் கடலணை மேல் எதிர்காற்று. யன்னாவுக்கு நாக்குத் தள்ளியது.

“எனக்கே புரியலையே! போன வருஷமும் இதே அணை, இதே காத்து. எப்பவும் போல உன் பின்சக்கரத்தை ஒட்டித்தானே வர்றேன்? கால் மட்டும் ஏன் இப்படிக் கெஞ்சுது?”

“எனக்குப் பறக்கிற மாதிரி இருக்கு. எல்லாம் இதோட புண்ணியம்” என்று ஏரோ பாரைத் தட்டிக் காட்டினான் கிரைன்.

ஹேண்டில்பாரிலிருந்து முன்னோக்கி நீண்ட இரண்டு கொம்புகள். முழங்கைகளைத் திண்டில் ஊன்றி, சைக்கிள் மேல் படுத்தாற்போல் ஓட்டலாம். கிரைனின் முதுகுவலி போன இடம் தெரியவில்லை. வேகமும் கூடியிருந்தது. பக்கத்து வீட்டு மரினுஸ் சும்மா கொடுத்தது. “வச்சுக்கோடா, நானும் ஒரு ஜோடி மாட்டத்தான் போறேன்” என்று தானே வந்து பூட்டியும் விட்டான். தம்பதிகள் பந்தயத்தில் வருஷா வருஷம் இவர்களிடம் தோற்கிறவனுக்கு எவ்வளவு பெரிய மனசு!

யன்னாதான் குழம்பிப்போனாள். டாக்டரிடம் போனாள், உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார். சீட்டை ஏற்றிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

“எனக்கு வயசாயிடுச்சு கிரைன். பந்தயத்திலயும் இப்படின்னா சைக்கிளையே வித்துடறேன்” என்று அழுதாள்.

பந்தயத்திலும் அப்படியேதான் ஆயிற்று. இருவரில் பின்னால் வருகிறவர் கோட்டைத் தாண்டும் நேரம்தான் அங்கே கணக்கு. கிரைன் முதலில் வந்து, தண்ணீர் குடித்து, மனைவியைக் காணோமே என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான். யன்னா தள்ளாடி வந்து புல்லில் சரிந்தாள்.

“சைக்கிளுக்கு ஆள் பாரு.”

“சும்மா இரு. மரினுஸ் ஜோடி வரட்டும். காத்து அவங்களுக்கும்தானே அடிக்குது!”

ஜோடி ஜோடியாக விட்டதில் கடைசியாகக் கிளம்பிய மரினுஸ் தூரத்தில் தெரிந்தான். அவன் சைக்கிளில் கொம்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பீரோவை நிறுத்தி வைத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, வருகிற காற்றையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு வந்தான். அந்த முதுகுக்குப் பின்னால் அவன் மனைவி லேனா, அலுங்காமல் குலுங்காமல், பாட்டு முணுமுணுத்தபடி வந்தாள்.

கோட்டைத் தாண்டியதும் மரினுஸ் கண்ணடித்தான். “முதுகுவலி தேவலையாடா கிரைன்?”

யன்னா துள்ளி எழுந்தாள். “கிரைன், எடு அந்த ஸ்பேனரை! படுக்கணும்னா இனிமே வீட்ல போய்ப் படு!”