பெயர் சொல்லவில்லை

"நீ யார்கிட்டம்மா சொன்னே?"

மகள் சத்தம் போடவில்லை. கடைக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். மடியில் துணிப்பை. அதற்குள் குழந்தைகளுக்காக அவள் வெட்டி ஒட்டிய காகித முயல்கள்.

தையல் மெஷினிலிருந்து அம்மா தலையைத் தூக்கினாள். "என்னடி, மத்தியானமே வந்துட்டே? மாத்திரை போட்டியா?"

கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

"போட்டேம்மா. வேலைதான் போச்சு."

"என்னடி சொல்றே?"

"பள்ளிக்கூடத் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். மரியாதையாத்தான் பேசினார். நான் ஆஸ்பத்திரியில கிடந்தது, உன்னையே அடையாளம் தெரியாம அடிக்க வந்தது, எல்லாம் தெரிஞ்சிருக்கு அவருக்கு. 'உங்க கதையைக் கேட்டு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சும்மா'ன்னார். அப்புறம், சின்னப் பிள்ளைங்க விஷயம், பெத்தவங்க பயப்படுவாங்க, நாளையிலேர்ந்து வர வேண்டாம்னுட்டார்."

"நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலையே."

"நான் உன்னை அடிக்க வந்தேன்னு எனக்கே நீதான் சொன்னே. எனக்கு நினைவே இல்லை. வேற யாரு சொல்லியிருப்பா?"

அப்போதுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது.

ஒரே ஒரு இடத்தில் சொல்லியிருந்தாள். எல்லோரும் 'பெரியவர்' என்று அழைக்கும் ஒருவர் பிரார்த்தனைக் கூட்டம் நடத்துகிற அறக்கட்டளையில். அதற்குத் தன்னால் முடிந்ததை மாதா மாதம் அனுப்பிக்கொண்டிருப்பவள் அவள். மகள் நினைவு தப்பிக் கிடந்த நாட்களில், வாய்விட்டு அழ ஆள் இல்லாமல், அவர்களுடைய ஆறுதல் தொலைபேசிக்குப் பேசினாள். எதிர்முனையில் இருந்த பெண் குரல், "மனசுல இருக்கிறதைக் கொட்டிடுங்கம்மா. இந்த நாலு சுவரைத் தாண்டாது" என்றது. கொட்டிவிட்டாள்.

"கடையைப் பாத்துக்கோ. இதோ வந்துடறேன்" என்று எழுந்தாள்.

முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தாளாளரைப் பார்க்கக் காவலாளி உள்ளே விடவில்லை. அங்கிருந்து நேராக அறக்கட்டளை அலுவலகம்.

வரவேற்பில் இருந்த பெண் சிரித்த முகமாக உட்காரச் சொன்னாள். "உங்க பிறந்த தேதி சொல்லுங்கம்மா."

"அது எதுக்கும்மா?"

"நீங்கதான் நீங்களான்னு நாங்க உறுதிப்படுத்திக்கணும். பெரியவர் இந்த விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு."

தேதியைச் சொன்னாள். பிறகு நடந்ததைச் சொன்னாள்.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். கம்ப்யூட்டரில் எதையோ தேடி, திரையை இவள் பக்கம் திருப்பினாள். போன கூட்டத்தில் பெரியவர் பேசியதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். ஒரு அவசரத் துணி முடிக்க வேண்டியிருந்ததால் இவள் போகாத கூட்டம்.

"பெயர் சொல்ல மாட்டேன். சொல்லவும் கூடாது" என்று ஆரம்பித்தார் பெரியவர். "பாலத்துக்குக் கீழே தையல் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரி. கணவர் போய்விட்டார். ஒரே மகள். அந்த மகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. பெற்ற தாயையே அடிக்க வந்தாள். நாம் பிரார்த்தித்தோம். இன்று அந்தப் பெண், சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள்."

கூட்டம் கை தட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வரவேற்புப் பெண் படத்தை நிறுத்தினாள். "நீங்களே பாத்தீங்களே. எங்கயாவது பேர் வந்துதா?"

"பாலத்துக்குக் கீழ என் கடை ஒண்ணுதானேம்மா இருக்கு?"

"அது எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? பெரியவர் நல்ல விதமாத்தானே சொல்லியிருக்கார். இதைக் கேட்டுட்டு எத்தனை பேர் புதுசா நம்மகூட சேந்திருக்காங்க தெரியுமா?"

"என் பொண்ணுக்கு வேலை போச்சும்மா."

"கஷ்டமாத்தான் இருக்கு. அதுக்கும் பிரார்த்தனை பண்ணச் சொல்றேன்."

"வேண்டாம்." அவசரமாகச் சொன்னாள். "அதை மட்டும் பண்ணிடாதீங்க. இந்தப் படத்தை எடுத்துடுங்க, போதும்."

"எடுக்கலாம்மா. ஆனா பேர் இல்லாததால, இதுல சொல்ற குடும்பம் எங்க குடும்பம்தான், அந்தப் பொண்ணு என் பொண்ணுதான்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். கமிட்டியில படிச்சுக் காட்டித்தான் முடிவு பண்ணுவாங்க."

"கமிட்டியில எத்தனை பேரு?"

"எல்லாரும் நம்ம ஆளுங்கதாம்மா. பயப்படாதீங்க."

தையல்காரம்மா கோபப்படத்தான் வந்தாள். கடையில் முயல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளை நினைத்ததும் கோபம் எங்கேயோ போய்விட்டது. குரல் தணிந்தது.

"சரி, எடுக்கக்கூட வேண்டாம். ஒரே ஒரு உதவி பண்ணு கண்ணு. அந்தத் தாளாளர் உங்க கூட்டத்துக்கு வர்றவர்தான். பள்ளிக்கூடத்துல என்னை உள்ள விட மாட்டேங்கறாங்க. அவர் போன் நம்பர் உங்ககிட்ட இருக்கும். குடுத்தியானா, கால்ல விழுந்தாவது கேட்டுப் பாப்பேன்."

அதுவரை மாறாத அந்தப் பெண்ணின் சிரிப்பு இப்போதுதான் மாறியது.

"என்னம்மா நீங்க, அவர் எங்களுக்கு எவ்வளவு வேண்டப்பட்டவர் தெரியுமா? அவர் விவரத்தைப் போய் வெளியாளுக்குக் குடுப்போமா?"