எல்லைக் கோட்டுக்கு வெளியே

தந்தியோடு மக்களவையின் வாசலில் நான் வந்து நின்றபோது மணி நான்கு ஐம்பது.

உறை ஒட்டியிருந்தது. மேலே டர்ஹம் என்று எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெயர் இருந்தது. பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. கார்ஸ்டேல் பிரபு பத்து நாளாக அங்கே படுத்த படுக்கையாக இருந்தார்.

உள்ளே அவருடைய மூத்த மகன் அம்ப்ரோஸ் பேசிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் குமாஸ்தா. அந்தப் பேச்சை நான்கு முறை நகல் எடுத்தவன்.

ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் இரண்டு குழிகள் இருக்க வேண்டும். ஒன்று அடைபட்டால், உள்ளே இருப்பவர்கள் மற்றதன் வழியே ஏறி வரலாம். அவர் கொண்டுவந்த மசோதாவில் இருந்தது அவ்வளவுதான்.

என் அண்ணன்மார் இருவரும் ஒற்றைக் குழியில்தான் தினமும் இறங்குகிறார்கள். அது கார்ஸ்டேல் பிரபுவின் குழி.

ஐந்தே முக்காலுக்கு வாக்கெடுப்பு. இரண்டு பக்கத்தாரும் தலை எண்ணி முடித்திருந்தார்கள். ஒரே ஒரு வாக்கில் மசோதா நிறைவேறும்.

அந்த ஒரு வாக்குதான் இப்போது என் கையில் இருந்தது.

தகப்பனார் இருக்கும்வரைதான் பிரபுவின் மகனுக்கு மக்களவையில் இடம். அவர் கண் மூடிய நொடியில் பட்டம் மகனுக்கு வந்துவிடும். பட்டம் வந்தவர் பிரபுக்கள் அவைக்குப் போய்விட வேண்டும். இங்கே பேச்சும் இல்லை, வாக்கும் இல்லை. இருபது வருடம் இதே அறையில் உழைத்து, அடுத்து இந்த அவையை நடத்தப் போகிறவர் என்று எதிரிகளிடமே பெயர் வாங்கியவர் அம்ப்ரோஸ்.

ஒரு மணி நேரம் உறையைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் போதும் என்று தோன்றியது. தோன்றியதைத் தள்ளவும் முடியவில்லை, செய்யவும் முடியவில்லை.

வாயிற்காவலர் டிப்லோ என் பக்கம் சாய்ந்தார்.

"குடுக்கப் போறியா தம்பி, இல்ல அடைகாக்கப் போறியா?"

நான் ஏழு நிமிடம் அடைகாத்தேன்.

உள்ளே எதிர்வரிசையில் சர் ஜெர்வஸ் தடியில் மோவாயை ஊன்றி உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சுரங்கத்தின் முதலாளி. மூன்று வருடமாக இந்த மசோதாவைத் தடுத்துவந்தவர். அன்றும் மூன்று மணியிலிருந்து ஒரு மணி நேரம் அம்ப்ரோஸைக் கிழித்திருந்தார். காலணியில் கரித்தூள் படாத கனவான் சுரங்கத்துக்குப் பின்வாசல் கேட்கிறார், அடுத்த வருடம் ஜன்னல் திரைச்சீலையும் கேட்பார் என்று அவர் சொன்னபோது எங்கள் பக்கத்திலேயே சிலர் சிரித்தார்கள்.

அப்போது அம்ப்ரோஸ் என்னைப் பார்த்துவிட்டார். பேச்சு நிற்கவில்லை. விரலை மட்டும் லேசாக அசைத்தார். டிப்லோ என் கையிலிருந்து உறையை எடுத்துக்கொண்டு போனார்.

அம்ப்ரோஸ் பிரித்துப் படித்தார். மடித்தார். பாதியில் நின்ற வாக்கியத்தை முடிக்கவில்லை.

வாக்கெடுப்பு வரை பொறுத்திருந்து பிரித்திருக்கலாம் என்று அவருக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும்.

இந்த மசோதாவை அவையின் கையில் விட்டுப் போவதாகச் சபாநாயகரிடம் சொன்னார். பிறகு இருக்கைகளுக்கு நடுவே நடந்து வந்தார். தரையில் அவையின் எல்லையைக் காட்டும் கோடு ஒன்று உண்டு. அதன் அருகில் நின்றார். திரும்பித் தலை வணங்கினார். கோட்டைத் தாண்டி வெளியே காலை வைத்தார்.

யாரும் விளக்கம் கேட்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களின் தலையிலிருந்து தொப்பிகள் ஒவ்வொன்றாக இறங்கின. எதிர்வரிசையிலும் இறங்கின.

வாக்குகள் சமமாகிவிட்டன. சமமானால் மசோதா விழும்.

சர் ஜெர்வஸ் எழுந்தார்.

பேச எழுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வாசலைப் பார்த்து நடந்தார். கீல்வாதக் கால் இழுத்தது. அவர் கட்சிக்காரர் ஒருவர் மேலங்கியைப் பிடித்து இழுக்க, தடியால் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

ஒரு பக்கம் ஒருவர் வர முடியாமல் போனால், எதிர்ப்பக்கம் ஒருவர் வாக்களிக்காமல் விலகிக்கொள்வது இங்கே வழக்கம்தான். ஆனால் அது முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்வது. இவர்கள் எதுவும் பேசி வைத்திருக்கவில்லை.

வெளிக்கூடத்தில் கல் இருக்கையில் அம்ப்ரோஸ் உட்கார்ந்திருந்தார். சர் ஜெர்வஸ் எதிரே போய் நின்றார். குரலில் கடுகடுப்புக் குறையவில்லை.

"உங்கப்பா செத்ததால நான் ஜெயிச்சேன்னு நம்மூர்ல ஒருத்தனும் பேசக் கூடாது. உக்காந்திருக்காதே, போய் ரயிலைப் பிடி."

அம்ப்ரோஸ் எழுந்து அவர் கையைப் பற்றினார். ரயிலைப் பிடிக்க வெளியேறினார். மசோதாவின் முடிவு அவருக்கு வழியில் ஏதோ ஒரு நிலையத்தில்தான் தெரிந்திருக்கும்.

எனக்கு ஆறு மணிக்கு முன்பே தெரிந்துவிட்டது. நூற்று நாற்பத்திரண்டு, நூற்று நாற்பத்தொன்று.

எண்ணைக் கேட்டதும் சர் ஜெர்வஸ் முகத்தைச் சுளித்தார். உள்பையைத் துழாவி ஒரு தாளை எடுத்து, முழங்கால்மேல் வைத்து, பென்சிலால் நான்கு வரி எழுதினார். அம்ப்ரோஸின் தாயார் கார்ஸ்டேல் சீமாட்டிக்கு ஆறுதல் சொல்லி எழுதியது. உறை வாங்கிப் போட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் தபாலில் சேர்க்கும்படி என்னிடம் கொடுத்தார்.

வெளிப்படியில் நின்று தாளை மடிக்கும்போதுதான் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

அதுவும் ஒரு தந்தி. சர் ஜெர்வஸுக்கு அவருடைய சுரங்க மேலாளர் அடித்தது. கார்ஸ்டேல் பெரியவர் காலமானார் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கையில் கிடைத்த நேரம், பகல் ஒன்று இருபது.

அம்ப்ரோஸ் பேச எழுந்தது நாலரைக்கு. அவரை உட்காரவைக்க சர் ஜெர்வஸ் எழுந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.