ஆறு யூனிட்

தெருமுனையிலேயே ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, ஸ்கூட்டரை நைசாக வீட்டு வாசலுக்கு உருட்டி வந்தான் மீட்டர்காரன்.

மணி மூன்று. இந்த நேரத்தில் அவன் வீடு திரும்பியதே இல்லை.

பழைய பைக் என்றால் அடுத்த தெருவிலேயே தண்டோரா போட்டுவிடும். அதற்காகத்தான் இந்த எலெக்ட்ரிக் வண்டி. பெட்ரோல் மிச்சம் என்று ஊருக்குச் சொல்லியிருந்தான்.

வீடுவீடாகப் போய்க் கரண்ட் மீட்டரைக் குறித்து வருகிறவனுக்குச் சொந்த வீட்டு மீட்டர் உறுத்தாமல் இருக்குமா? காலையில் கிளம்பும்போது ஓர் எண், மாலையில் வந்தால் ஓர் எண். நடுவில் ஆறு யூனிட். மகள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் இருப்பது ஒரு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு மனைவி. என்னதான் ஓடினாலும் ஒன்றரையைத் தாண்டாது.

மீதி எங்கே போகிறது?

பகலில் அவ்வளவு கரண்ட் குடிப்பது ஒன்றுதான். சார்ஜ் ஏறும் வண்டி. அவன் வண்டியோ பகலெல்லாம் அவனோடு.

அப்படியானால் எவனோ வருகிறான். வண்டியை மாட்டிவிட்டு, அது நிரம்பும்வரை உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.

எதிர்வீட்டுத் தையல்காரரிடம் ஜாடைமாடையாக விசாரித்துப் பார்த்தான். வண்டிச் சத்தமே கேட்டதில்லை என்றார் அவர். எப்படிக் கேட்கும்?

மூன்று வேலையிலிருந்து அவளை நிறுத்தியதும், போனை வாங்கிப் பீரோவில் பூட்டியதும் சும்மாவா? அவனுக்கு அப்போதே தெரியும்.

முன்கதவு தாழிட்டிருந்தது. சுவரோரமாகப் பின்பக்கம் போனான். சமையலறை ஜன்னல் வழியாக ஒரு கறுப்பு வயர் இறங்கி, பின்வாசலைத் தாண்டிச் சந்துக்குள் ஓடியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தான்.

வயர் முடிந்த இடத்தில் ஓர் எலெக்ட்ரிக் ஆட்டோ. பக்கப் படுதா இறக்கிவிட்டிருந்தது. டிரைவர் சீட்டில் ஒரு காக்கிச் சட்டை.

ஆள் சிக்கினான்.

சட்டையை எடுத்து உதறினான். லைசென்ஸ் ஒன்று கீழே விழுந்தது. குனிந்து போட்டோவைப் பார்த்தான்.

அவன் மனைவி.

நிமிர்ந்தான். பின்வாசலில் நின்றிருந்தாள். நாலு மாதமாகச் சிநேகிதியின் ஆட்டோவில் சவாரி ஓட்டிப் பழகுவதாகச் சொன்னாள். என்ன சமையல் என்று கேட்டால் சொல்வாளே, அதே குரலில்.

சட்டையை அவன் கையிலிருந்து வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா வீடு எண்பது கிலோமீட்டர். பாதி வழியில நின்னுட்டா நீங்க வந்து புடிச்சிருவீங்க. அதான் ஃபுல்லா ஏத்தினேன்."

படுதா விலகியது. உள்ளே இரண்டு பெட்டி. நடுவில் பள்ளிச் சீருடையோடு மகள்.

அவள் இறங்கி வந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். வயரைச் சிக்கில்லாமல் சுருட்டி அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டாள்.