வலது கன்னம்

“என் கம்மலைத் திருடிப் போட்டுக்கிட்டு, என் வீட்டுலயே வந்து நிக்கிறியா?”

கையில் சுத்தியலோடு கேட்டாள் அஷாக்கே. சுவரில் சாய்ந்திருந்தவள் பதில் சொல்லவில்லை. பிளாஸ்டரில் வார்க்கப்பட்டவள் எப்படிச் சொல்வாள்?

ஓஷோக்போ ஊரே அறியும், அவள் கணவன் அக்கன்பியின் படங்களில் முகஜாடை தேடுவது வீண் என்று. இதிலும் கண்கள் இரண்டும் சோழிகள். கழுத்து ஒட்டகச்சிவிங்கிக்கு உரியது. நீலச் சாயத்துணியைக் கிழித்து ஒட்டித் தலைப்பாகை கட்டியிருந்தான். பலகையில் வண்ணம் பூசிப் பூசி அலுத்துப்போய், இப்போதுதான் முதன்முதலாகப் புடைப்பாக ஒன்றை வார்த்திருந்தான்.

ஜாடை வேண்டாம். மூக்கடியிலிருந்து வலது கன்னத்தில் சாய்வாக இறங்கும், குழந்தையிலேயே கீறிவிடும் அந்தக் குலக்கோடு போதாதா? அஷாக்கேவுக்கு அது இடது கன்னத்தில். வலதில் இருப்பது இந்தத் தெருவில் ஒருத்திக்குத்தான். எதிரே பயற்று வடை சுட்டு விற்கும் சிஃபாவு.

“என்னக்கா, அண்ணன் கதவைச் சாத்திக்கிட்டே கிடக்குறாரு? உள்ள யாரைச் செதுக்குறாரோ!” என்று காலையில்தான் அவள் சிரித்தாள். ‘அண்ணனுக்கு’ என்று இரண்டு வடை கூடுதலாகவும் போட்டாள்.

படத்தின் மூலையில் அக்கன்பியின் பெயர். எழுத்து ஒவ்வொன்றும் எதிர்ப்பக்கம் பார்த்துத் திரும்பி நின்றது.

“சொந்தப் பேரையே எழுதத் தெரியாத அளவுக்கு மயக்கிட்டியாடி!”

சுத்தியல் இறங்கியது. வலது கன்னம் பொலபொலவென உதிர்ந்தது. ஒரு சோழி உருண்டு வாசல்வரை போனது.

வண்ண டப்பாக்களோடு வந்த அக்கன்பியின் காலடியில் அது நின்றது.

“ஐயோ, என்னடி பண்ணிட்டே!”

“போ, போய் அவ எண்ணெய்ச் சட்டி பக்கத்துலயே குடும்பம் நடத்து. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்.”

“எவ சட்டி?”

“வலது கன்னத்துல கோடு போட்டிருக்காளே, அவ!”

அவன் தூளுக்குள்ளிருந்து கம்மலைப் பொறுக்கித் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். பிறகு கட்டிலடியிலிருந்து களிமண் அச்சை இழுத்தான். குழிவாகச் செதுக்கிய முகம். அதன் மூலையில் அவன் பெயர் நேராக இருந்தது.

“வார்த்தா எல்லாம் பக்கம் மாறிடும்னு எனக்குத் தோணவே இல்ல. நான் செதுக்கினப்போ கோடு உன் இடது கன்னத்துலதான் இருந்துச்சு, அஷாக்கே.”